ஐந்தில் இறங்கு

ஜனவரி 8, திங்கள்

பயிற்சிக்குப் பள்ளிகளை இன்று ஒதுக்கினார்கள். எனக்கு ஒரு மாநகராட்சிப் பெண்கள் பள்ளி. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். எட்டாம் வகுப்பு, முப்பத்திரண்டு பேர். புதனும் வெள்ளியும் வகுப்பு. பிப்ரவரி 21 கடைசி வகுப்பில் யாமினி மேடம் வந்து உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். இன்ஸ்டிடியூட்டில் இந்தப் படிப்பை நடத்துகிறவர் அவர்தான். அந்த ஒரு வகுப்பில் தேறினால் நடன ஆசிரியர் சான்றிதழ். தேறாவிட்டால் 'கலந்துகொண்டார்' என்று ஒரு தாள் தருவார்கள். என் அறைத்தோழி பிரெனிட்டா அதைத் தாம்பூலப் பை என்கிறாள். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கிடைக்கும், கல்யாணம் நமக்கு இல்லை.

படிவத்தில் 'உடல் குறைபாடு இருப்பின் குறிப்பிடுக' என்று ஒரு கட்டம். 'இடது கால், 4 செ.மீ. குறைவு, பிறவி' என்று எழுதினேன். கட்டம் சரியாகப் போதுமானதாக இருந்தது.

துணி துவைத்தேன். வாளியில் விரிசல்.

ஜனவரி 10, புதன்

முதல் வகுப்பு. பிரெனிட்டா உடன் வந்தாள். மேடத்தின் ஏற்பாடு. நான் எண்ணிக்கை சொல்ல வேண்டும், பிரெனிட்டா செய்து காட்டுவாள். நான் நன்றாக எண்ணுகிறேன் என்று மேடம் சொன்னார். ஒன்று முதல் எட்டு வரை.

பிள்ளைகள் பிரெனிட்டாவைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் நின்று எண்ணினேன். பி.டி. ஆசிரியை எஸ்தர் டீச்சர் மேசையில் ரெக்கார்டு நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே, "ஏய் எருமைங்களா, வரிசை வளையுது" என்பார். வரிசை நேராகிவிடும். அந்தக் குரல் எனக்கு வராது.

ஜனவரி 16, செவ்வாய்

ஊரில். பரமக்குடியிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறதாம். அம்மா அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் தெரிந்தது. கேட்டேன்.

"உக்காந்தே சொல்லிக்குடுக்குற டீச்சர் வேலைன்னு சொல்லிருக்கேன்த்தா. வேற எப்பிடிச் சொல்லச் சொல்ற?"

அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்த்தான் என்னை பி.காம். முடிக்க வைத்தது. அப்பா சென்ட்ரிங் வேலையில் மேலே ஏறி நிற்கும்போதெல்லாம் மேஸ்திரியிடம் என் மகள் டிகிரி என்பாராம். வீட்டில் வேறு யாரும் பத்தாவது தாண்டவில்லை. டான்ஸ் படிக்கப் போகிறேன் என்றபோது அவர்களுக்குப் புரியவில்லை. டீச்சர் என்றபோது புரிந்தது.

கரும்பு வெட்டிக் கொடுத்தேன்.

ஜனவரி 19, வெள்ளி

பிரெனிட்டாவுக்கு அவளுடைய பள்ளி தொடங்கிவிட்டது. இனி நான் தனி.

நடனக்கூடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். என் இடது செருப்பின் அடியில் நான்கு சென்டிமீட்டர் தடிமனுக்கு ரப்பர் ஒட்டியிருக்கும். அதை மற்ற செருப்புகளோடு வைக்காமல் தூணுக்குப் பின்னால் வைத்தேன். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொன்னேன். நான்கு அடி நடக்க வேண்டும், ஐந்தில் எடையை இடது காலுக்கு மாற்ற வேண்டும், ஆறில் திரும்பல், ஏழு, எட்டில் நிற்க வேண்டும்.

கூட்டம் முட்டிக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். வகுப்புத் தலைவி யோகஸ்ரீ கையைத் தூக்கினாள். ஒல்லி, ரெட்டை ஜடை, சட்டையில் பேட்ஜ்.

"மிஸ், வாயில சொன்னா தலைக்குள்ள போகுது, காலுக்கு வர மாட்டேங்குது. செஞ்சு காட்டுங்க."

எழுந்தேன். பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று செய்ய வேண்டும். அவர்கள் வலது என்றால் நாம் இடது, கண்ணாடி மாதிரி. இன்ஸ்டிடியூட்டில் இதைத்தான் முதல் வாரம் பழக்குவார்கள். அவர்களுடைய இடதை என் வலதால் காட்டினேன். பின் வரிசைக்குத் திசை குழம்பியது. கடைசியில் திரும்பி, முதுகைக் காட்டி, என் இடதாலேயே செய்தேன். பின்தொடர்ந்தார்கள். சத்தத்தில் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கவனித்தேன்.

ஜனவரி 24, புதன்

முதுகைக் காட்டி நான்கு முறை செய்தேன். பிறகு ஒதுங்கி நின்று அவர்களைச் செய்யச் சொன்னேன்.

ஐந்து வந்தபோது முப்பத்திரண்டு பேரும் இறங்கினார்கள். இடது இடுப்பு கீழே போகிறது. வலது தோள் அதைப் பிடிக்க மேலே வருகிறது. வலது கை கொஞ்சம் தாமதமாக, எதையோ தொடப்போவது போல வெளியே போகிறது. ஆறில் அந்தக் கையே அவர்களைத் திருப்பிவிடுகிறது.

அது எங்கே இருந்து வந்தது என்று புரியச் சிறிது நேரம் ஆனது. இன்ஸ்டிடியூட்டில் நான் நிற்பது கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில். அங்கே கண்ணாடி தெரியாது. என் கை அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது.

பிரெனிட்டா செய்யும்போது ஐந்தில் இறக்கம் கிடையாது. நேராக மாறுவாள். திருத்தியிருக்க வேண்டும். மணி அடித்துவிட்டது.

ஜனவரி 31, புதன்

இன்றும் திருத்தவில்லை. யோகஸ்ரீ வந்து கேட்டாள், அஞ்சுல எவ்வளவு இறங்கணும் மிஸ், சில பேர் கொஞ்சமா இறங்குறாங்க, சில பேர் உக்காந்தே போயிடுறாங்க, பாக்க அசிங்கமா இருக்கு என்று. செய்து காட்டச் சொன்னேன். செய்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அவள் போய் மற்றவர்களுக்கும் அளவு சொல்லிக் கொடுத்தாள்.

ஹாஸ்டலில் இரவு உப்புமா.

பிப்ரவரி 3, சனி

மார்ச் 2 இன்ஸ்டிடியூட் விழாவுக்கு உடை போட்டு அளவு பார்த்தார்கள். என்னோடு இந்தப் படிப்பில் இருக்கும் தினகரனுக்கு ஒரு கை முழங்கையோடு முடிந்துவிடும். அவனுக்குத் தனி நடனம். தோள் தெரிய, கை இல்லாத சட்டை. போஸ்டரிலும் அப்படித்தான், மேலிருந்து வெளிச்சம் விழ நிற்கிறான். நல்ல படம்.

எனக்குக் கணுக்கால் மூடும் பாவாடை. உட்கார்ந்து கை அசைவு மட்டும். தையல்காரர் இடது பக்க ஓரத்தை நான்கு சென்டிமீட்டர் குறைத்து வெட்டியிருக்கிறார். நின்றால் ஓரம் ஒரே மட்டமாகத் தெரியும், யாருக்கும் தெரியாதும்மா என்றார். அவருக்கு அதில் பெருமை. நன்றி சொன்னேன்.

தினகரனுக்கும் அப்படி ஏதாவது மறைத்துத் தைப்பீர்களா என்று கேட்க நினைத்தேன்.

பிப்ரவரி 7, புதன்

தரையில் புரண்டு எழும் பகுதியை எடுத்துவிடச் சொன்னார் ஹெச்.எம். வயசுக்கு வந்த பிள்ளைகள், யாராவது வீடியோ எடுத்தால் பதில் சொல்வது யார் என்றார். எடுத்துவிட்டேன். நடக்கும் பகுதி மட்டும் மிச்சம். அதையே மூன்று திசையில் செய்கிறார்கள். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியாயிற்று.

பிப்ரவரி 14, புதன்

வகுப்பு. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

ஒத்திகை. நன்றாக இருந்தது.

மூன்று முறை செய்தால் போதும். ஏழு முறை செய்யச் சொன்னேன். எஸ்தர் டீச்சர் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பார்த்தார்.

பிப்ரவரி 21, புதன்

யாமினி மேடம் பத்து மணிக்கு வந்தார். ஹெச்.எம். பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது. மேடத்திடம் மதிப்பெண் தாள் இருந்தது. நான்கு தலைப்புகள்: தெளிவு, தாளம், சமச்சீர், வகுப்பைக் கையாளுதல். சமச்சீர் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது. உனக்கு அதைப் பார்க்க மாட்டோம், குழுவில் பேசி முடிவெடுத்தோம் என்று போன வாரமே சொல்லியிருந்தார்.

நான் மேடத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஸ்பீக்கர் இருந்த மூலைக்கு நடந்தேன். செருப்பு இல்லாமல். கூடம் நீளமானது. மேடம் நான் நடப்பதைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார்.

பாட்டைப் போட்டேன். பிள்ளைகள் தொடங்கினார்கள். முதல் ஐந்தில் இறங்கினார்கள். மேடம் நிமிர்ந்தார். அடுத்த ஐந்து. மேடம் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க."

நான் நிறுத்தவில்லை. மேடமே வந்து பாட்டை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. ஒருத்தர் உடம்பில் உள்ள குறையை நடித்துக் காட்டுவது நடனம் இல்லை, உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவரின் முன்னாலேயே இதைச் செய்ய எப்படி மனசு வந்தது என்று கேட்டார். மேடத்துக்குக் கண் கலங்கியிருந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

யோகஸ்ரீ முதல் வரிசையில் நின்றாள். "மேடம், மிஸ்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"மிஸ்ஸை இதுல இழுக்காத."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். மொசைக் தரை, பச்சையும் வெள்ளையும்.

ஹெச்.எம். அவளுடைய பேட்ஜைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள். மேடம் என்னை அணைத்துக்கொண்டார், எவ்வளவு நாளாக இதைப் பொறுத்துக்கொண்டு இருந்தாய் என்று காதருகே கேட்டார். மேடத்திடம் நல்ல வாசனை. ஆறு வாரம் மேடம் என்று சொன்னேன். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.

பிப்ரவரி 22, வியாழன்

92. வகுப்பிலேயே அதிகம். தினகரன் கை கொடுத்தான், இடது கையால்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "பாஸாயிட்டியாத்தா? காலண்டர்ல குறிச்சு வச்சிக்கிறேன். சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கப் பள்ளிக்குப் போனேன். எஸ்தர் டீச்சர் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார். மன்னிப்புக் கடிதங்கள். போர்டில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதியவை. 'தங்கள் ஊனத்தைக் கேலி செய்ததற்கு மன்னிக்கவும்.' சிலர் பூ வரைந்திருந்தார்கள். எண்ணினேன். முப்பத்தொன்று.

யோகஸ்ரீ எழுத மாட்டேன் என்று நிற்கிறாளாம். எழுதும்வரை வகுப்புக்குள் வரக்கூடாது என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். இரண்டு நாளாக வராண்டாவில் நிற்கிறாள். அவள் அம்மா ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் அவளை அடித்தாராம்.

"மிஸ் சொன்னதத்தான் செஞ்சேன்னு ஒரே பாட்டு" என்றார் எஸ்தர் டீச்சர். பிறகு குரலைக் குறைத்தார். "நானும் உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தேன். எனக்கென்ன தெரியும் ஜோதி, மாடர்ன் டான்ஸ்னா அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வராண்டா வழியாகப் போகாமல் விளையாட்டுத் திடலைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். தூரம் அதிகம். கால் வலித்தது.

பிப்ரவரி 24, சனி

புது வாளி வாங்கினேன். நீலம். அறையைக் கூட்டினேன். தலைக்குக் குளித்தேன். கடிதங்கள் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன.

பிப்ரவரி 25, ஞாயிறு

தூங்கினேன்.

பிப்ரவரி 26, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். காலையிலிருந்து மூன்று முறை அவர் அறை வரை போய்த் திரும்பினேன். நான்காவது முறை கதவு திறந்திருந்தது.

அவர்கள் கேலி செய்யவில்லை மேடம், நான் செய்து காட்டியதை அப்படியே செய்தார்கள் என்றேன். மேடம் பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்களக் காப்பாத்தப் பாக்குற. நீ இப்படித்தான் செய்வேன்னு எனக்குத் தெரியும்."

இல்லை மேடம் என்றேன். உன் மனசு பெரிசு, அதனால்தான் உலகம் உன் மேல் ஏறி நடக்கிறது என்றார். விழாவில் இதைப் பற்றி நான் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார். வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். தானே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டார். அச்சடித்த தாள், பெரிய எழுத்து. 'என் நடையைப் பார்த்துச் சிரித்தவர்களையும் நான் மன்னித்தேன்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் 'சிறிது நிறுத்தவும்' என்று போட்டிருந்தது.

பிரெனிட்டா வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். யாரும் சிரிக்கலன்னு நீதானடி ஜனவரியிலேயே சொன்ன என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேசாமல் படித்துவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கோ, அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் மறந்துவிடும் என்றாள். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, மறக்காது, இல்ல, என்றாள். விளக்கை அணைத்தாள்.

பிப்ரவரி 28, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மேடம் இன்ஸ்டிடியூட் கூடத்தில் தனியாக இருந்தார். ஒன்று காட்ட வேண்டும் மேடம் என்றேன். செருப்பைக் கழற்றினேன். நடுவில் போய் நின்றேன். பெரிய கண்ணாடி நேர் எதிரே.

நானே எண்ணினேன். நான்கு அடி நடந்து, ஐந்தில் இறங்கி, ஆறில் திரும்பினேன். எட்டில் நின்றேன். மூன்று திசைக்கும் செய்தேன். ஐந்து வரும்போது கண்ணாடியைப் பார்த்தேன். பிள்ளைகள் சரியாகத்தான் செய்திருந்தார்கள். கை தாமதமாகப் போவது வரைக்கும்.

மேடம் இன்னொரு முறை என்றார். செய்தேன். மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது தெரிஞ்சே சொல்லிக்குடுத்தியா?"

"மொதல்ல தெரியாது மேடம். அப்புறம் தெரியும்."

"தெரிஞ்ச பிறகு ஏன் திருத்தல?"

நேரம் இல்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். மணி அடித்துவிட்டது என்று சொல்லலாம். இந்த நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"திருத்துறதுக்கு ஒண்ணும் இல்லன்னு தோணுச்சு மேடம்."

மேடம் கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கே, ஜோதி."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்பது போலச் சொன்னார். ஆமாம் மேடம் என்றேன்.

சமச்சீர் விதியை உனக்குத்தான் தளர்த்தினோம், உன் மாணவிகளுக்கு இல்லை என்றார். 92 ரத்து, விழாவில் பேச்சும் இல்லை. ஜூனில் வேறு பள்ளியில் மறுபயிற்சி, செய்து காட்ட ஒரு ஆள் கூடவே வருவார். அதில் தேறினால் சான்றிதழ். பள்ளிக்கு ஒரு கடிதம் தருகிறேன், நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்றார். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். மேடம் கெட்டவர் இல்லை.

பரமக்குடிக்காரர்கள் மார்ச்சில் பார்க்க வருகிறார்களாம். அம்மா மூன்று முறை கூப்பிட்டிருக்கிறது. எடுக்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

ஹெச்.எம். அறையில் சத்துணவுப் பதிவேடு விரித்திருந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். 'பயிற்சி ஆசிரியரால் தவறாகக் கற்பிக்கப்பட்ட அசைவு. மாணவிகள் மீது குற்றமில்லை.'

"அப்ப தப்பு உங்க மேலயா? இத அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றார். எஸ்தர் டீச்சர் யோகஸ்ரீயை அழைத்து வந்தார். ஏழு பள்ளி நாளாக வெளியே நின்றிருக்கிறாள். முழங்கை சுவரில் உரசிச் சுண்ணாம்பாக இருந்தது. ஹெச்.எம். மேசை இழுப்பறையிலிருந்து பேட்ஜை எடுத்து வைத்தார். மிஸ் வந்து சொல்லிவிட்டார்கள், நீ வகுப்புக்குப் போகலாம் என்றார்.

அவள் பேட்ஜைத் தொடவில்லை.

"மிஸ், அன்னைக்கு உங்களத்தான் பாத்தேன். நீங்க கீழ பாத்துட்டீங்க."

"ஆமா" என்றேன்.

"எங்கம்மா அடிச்சாங்க."

"தெரியும்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். முப்பத்தொரு தாள்களில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. ஹெச்.எம். போதும் போ என்றார். யோகஸ்ரீ வாசல்வரை போய் நின்றாள். திரும்பினாள்.

"அப்ப அந்த ஸ்டெப்பு சரியா தப்பா மிஸ்?"

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். எஸ்தர் டீச்சரும் பார்த்தார். கடிதம் மேசையில் இருந்தது. கீழே யாமினி மேடத்தின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் என்னுடையது. தவறு என்பதை ஒப்புக்கொண்டு நான்தான் போட்டிருந்தேன்.

"சரிதான்" என்றேன். குரல் சிறியதாக வந்தது. இன்னொரு முறை சொன்னேன். "சரிதான். அஞ்சுல எறங்கணும். நீ சரியா எறங்குன."

"இதுல தப்புன்னு போட்டிருக்கே" என்றார் ஹெச்.எம்.

"அந்தக் கடிதம்தான் தப்பு டீச்சர்."

அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். இரண்டு கடிதமும் இருந்தால் நாளைக்கு யாரும் பள்ளியைக் கேட்க முடியாது, ஒரு நகல் உங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கும் போகும் என்றார். அது போனால் ஜூனில் என்னைக் கூப்பிட மாட்டார்கள். எஸ்தர் டீச்சர் பக்கத்தில் வந்தார். பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

'ஐந்தாவது எண்ணிக்கையில் வரும் இறக்கம் நான் வேண்டுமென்றே சொல்லிக் கொடுத்தது. அது சரியான அசைவு. மாணவி யோகஸ்ரீ அதைச் சரியாகச் செய்தாள்.' தேதி போட்டேன். ச. நாகஜோதி, பி.காம். என்று கையெழுத்துப் போட்டேன்.

யோகஸ்ரீ அதுவரை வாசலிலேயே நின்றிருந்தாள். ஹெச்.எம். அதையும் வாய்விட்டுப் படித்தார். அவள் கடைசி வரிவரை கேட்டாள். பிறகு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.